அமாவாசைத் திகதி

அத்தியாயம் பதினொன்று

சுவரில் தொங்கும் சிவசுப்பிரமணியம் சிரிப்பதில்லை. அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைச் சிலாபத்துக் கடையொன்றில் பெருப்பித்துச் சட்டம் போட்டது அது. கீழே சிவப்பு எழுத்தில் ‘மறைவு 22.07.1990’ என்று இருக்கும். அந்தப் படத்துக்குக் கீழே மேசை போட்டுப் படித்துத்தான் நிரூபா வரலாற்று ஆசிரியை ஆனாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் திகதி பாடமாக்கிக் கொடுக்கிறவள், தன் வீட்டுச் சுவரில் இருந்த திகதியைப் பற்றி ஒருநாளும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

போன வாரம்தான் அந்தக் கேள்வி வந்தது. வந்ததிலிருந்து அவளுக்குச் சரியான நித்திரை இல்லை.

விட்ட இடத்தை மறந்தவர்களுக்கும், இன்றைக்குத்தான் இந்தப் பக்கத்தைப் பிரிக்கிறவர்களுக்கும் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புத்தளத்து வாசகர் வட்டம் ஒன்று வருடாவருடம் ஒரு நாவலுக்குப் பரிசு கொடுக்கிறது. இம்முறை கடைசிச் சுற்றுக்கு வந்த நாவலை எழுதியவள் புத்தளத்துப் பக்கத்துக் கரைத்தீவைச் சேர்ந்த றைஸா. வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் விரட்டப்பட்ட தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில், அவளுடைய தாய் ஆசியா உம்மா மன்னார்க் கரையிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்த கதை அது. வள்ளக்காரன் கடற்படைக்குப் பயந்து, கரை வந்துவிட்டது என்று பொய் சொல்லி, சனத்தை இருட்டில் ஒரு மணல்திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போகிறான். திட்டுக்கும் கரைக்கும் நடுவில் ஆளை மூடும் ஆழம். ஏழு பேர் கரை சேரவில்லை. அவர்களில் ஒருவன் ஆசியா உம்மாவின் மூன்று வயது மகன் நிஸ்தார்.

நாவலில் அந்த வள்ளக்காரனுக்குச் சொந்தப் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. சிவசுப்பிரமணியம். நிரூபாவின் அப்பா. அப்போது அந்தக் குடும்பமும் மன்னார்க் கரையில்தான் இருந்தது; உடப்புக்கு வந்தது பிறகு.

பரிசுக் குழுவின் தலைவர் அன்ரனிப்பிள்ளை சேர், ஓய்வு பெற்ற அதிபர். இந்தக் கரையோரத்து இடப்பெயர்வுகளைப் பற்றி வரலாற்று நூல் ஒன்றும் எழுதியிருக்கிறார். அதில் ஓர் அடிக்குறிப்பு உண்டு. வள்ளக்காரர் சிவசுப்பிரமணியம்மீது பழி சொல்லப்படுகிறது, ஆனால் அவர் அதற்கு மூன்று மாதம் முன்பே கடலில் மறைந்துவிட்டார், ஆகவே அந்தச் சாட்சியம் பிழையானது என்று எழுதியிருக்கிறார். அதை வைத்தே நாவலைத் தள்ளிவிட நினைக்கிறார். வரலாறு படிப்பிக்கிறவள், அந்த மனிதரின் மகளும்கூட என்பதால் நிரூபாவைக் குழுவில் போட்டதும் அவர்தான். நாவல் வரலாற்றுக்கு உண்மையாக இருக்கிறதா இல்லையா என்று இன்று அவள் சொல்ல வேண்டும்.

உடப்பில் அன்று காலையிலேயே சோளகக் காற்று தலைவிரித்து ஆடியது. குசினி யன்னலால் மணல் வந்து அடுப்படியில் விழுந்தது. நிரூபாவின் அம்மா ஞானேஸ்வரி புட்டு அவித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, ஞாயிற்றுக்கிழமை ஆடி அமாவாசை.”

“தெரியும். மரக்கறி வாங்க வேணும்.”

“மாமாவுக்கு மாசியில திவசம் வருது. பெரியப்பாவுக்கு ஆவணியில. அப்பாவுக்கு மட்டும் ஏன் ஆடி அமாவாசையில செய்யிறம்?”

“அப்பா இல்லாத எல்லாரும் அண்டைக்கு விரதம்தானே, பிள்ளை.”

“அது பொது விரதம். நான் கேக்கிறது திவசத்தை.”

“முன்னேஸ்வரத்து ஐயர் அப்பிடித்தான் செய்யச் சொன்னவர்.”

“ஏன் சொன்னவர்?”

ஞானேஸ்வரி புட்டுக்குழலைக் கவிழ்த்துத் தட்டினாள். புட்டு பாதியில் உடைந்து விழுந்தது. நாற்பது வருடம் புட்டு அவித்த கைக்கு அது பெரிய அவமானம்.

“செத்த நாள் தெரியாதவைக்குத்தான் ஆடி அமாவாசையில திவசம்,” என்றாள் நிரூபா. “நான் பழைய பஞ்சாங்கம் பாத்தனான், அம்மா. தொண்ணூறாம் ஆண்டு ஆடி அமாவாசை ஜூலை இருபத்திரண்டு. படத்தில இருக்கிற அதே திகதி. அப்பா செத்த நாளில நாங்க திவசம் செய்யேல்ல. திவசம் செய்யிற நாளை அப்பா செத்த நாள் எண்டு எழுதி வைச்சிருக்கிறம்.”

ஞானேஸ்வரி அடுப்புக்கு முன்னால் பலகையில் இருந்துவிட்டாள்.

“படக்கடைக்காரன் திகதி கேட்டவன். நான் என்னத்தைச் சொல்லுறது? வருசம் தொண்ணூறு, நாள் ஆடி அமாவாசை எண்டு சொன்னன். அவன்தான் எங்கையோ பாத்துப் போட்டுத் தந்தவன்.”

“அப்பா ஆடியில போகேல்ல.”

“இல்லை.”

“எப்ப?”

“ஐப்பசி. சனத்தை ஏத்திக்கொண்டு போனவர். எங்கட அயல் சனம்தான். ஆசியாவும் போனவள்.”

“பிறகு?”

“பிறகு என்ன பிறகு? வரேல்ல.” குழலில் மறுபடி மாவை அடைத்துக்கொண்டு, மகளின் முகத்தைப் பாராமல் சொன்னாள்.

இதைத்தான் நிரூபா எதிர்பார்த்தாள்.

“அன்ரனிப்பிள்ளை சேர் வீட்டுக்கு வந்து விசாரிச்சபோது ஏன் சொல்லேல்ல?”

“அவர் என்னட்டக் கேக்கேல்லையே. படத்தைப் பாத்தார், எழுதினார். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனார்.” ஞானேஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “பொய் சொல்ல மாட்டன், பிள்ளை. அவர் எழுதினதை நீ வாசிச்சுக் காட்டினபோது எனக்கு நிம்மதியா இருந்தது. கடவுளே மனம் இரங்கி எழுதித் தந்த மாதிரி இருந்தது.”

அம்மாவைக் கோபிக்க நிரூபாவால் முடியவில்லை. அந்த அடிக்குறிப்பை வாசித்த அன்று அவளும்தான் சந்தோசப்பட்டாள். சாட்சியத்தை எப்படி நிறுத்துப் பார்ப்பது என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள், தன் அப்பாவின் பெயர் வந்ததும் தராசைக் கீழே வைத்துவிட்டாள். அதை நினைக்க வெட்கமாக இருந்தது.

“ஆசியா இப்ப எங்க இருக்கிறாள்?” என்று கேட்டாள் ஞானேஸ்வரி.

“கரைத்தீவில. பள்ளிவாசலுக்குப் பின்னால வீடு எண்டு றைஸா முன்னுரையில எழுதியிருக்கிறாள்.”

“நிஸ்தாருக்கு நான்தான் சட்டை தைச்சுக் குடுத்தனான். பெருநாளுக்கு. மஞ்சள் சட்டை, பொக்கற்றில மீன் போட்டது.”

நிரூபா திடுக்கிட்டாள். நாவலில் கடலுக்குள் போன பிள்ளை போட்டிருந்தது மஞ்சள் சட்டை. பொக்கற்றில் நூலால் தைத்த மீன். புத்தகம் வந்த நாளிலிருந்து அவளுடைய பள்ளிக்கூடப் பைக்குள்ளேயே இருக்கிறது. அம்மா அதைத் தொட்டதுகூட இல்லை.

சந்திக்குக் கொண்டுபோய் விட லவன் மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்தான். நிரூபாவுக்கு இரண்டு வயது இளையவன். ஆலங்குடாவில் வெள்ளைக்காரருக்குப் பட்டம் கட்டிக் கடலில் சறுக்கப் பழக்குகிற வேலை. காற்றுக் காலத்தில் அவன் வீட்டுக்கு வருவதே அபூர்வம். அக்கா என்னவோ செய்யப்போகிறாள் என்று மணம் பிடித்து முதல்நாளே வந்துவிட்டான். குசினியில் நடந்த கதை முழுவதையும் முற்றத்தில் நின்று கேட்டிருந்தான்.

சந்தியில் பஸ் தரிப்பிடத்தில் நிறுத்திவிட்டுக் கேட்டான்.

“என்ன சொல்லப்போறாய்?”

“நடந்ததை.”

“நீ கண்டனியா? உனக்கு அப்ப நாலு வயது. எனக்கு ரெண்டு.”

“ஆசியா உம்மா கண்டவ.”

“அக்கா, என்னோட வேலை செய்யிற பெடியள் பாதிப்பேர் கரைத்தீவு. நாவல் வந்த உடன வந்து கேட்டாங்கள், மச்சான், இது உன்ர அப்பாவா எண்டு. அன்ரனிப்பிள்ளை சேரின்ர புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டினன். பாருங்கடா, எங்கட அப்பா ஆடியிலயே போயிட்டார் எண்டு. சரி மச்சான், உம்மாக்கு மனசு குழம்பிப்போச்சு எண்டு அவங்களே சொன்னாங்கள்.”

“ஆசியா உம்மாவுக்கா மனசு குழம்பினது?”

“நாளைக்கு அவங்கட முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது?”

நிரூபா கடல் பக்கம் கை காட்டினாள். தென்னைகள் ஒரே பக்கமாகச் சரிந்து நின்றன. அலைச் சத்தம் சந்தி வரைக்கும் கேட்டது.

“இப்ப என்ன மாசம், லவன்?”

“ஆடி.”

“இண்டைக்கு இந்தக் கடலில வள்ளம் இறக்குவியா?”

இந்தக் காற்றை வைத்துச் சோறு தின்கிறவன் அவன். ஆடிச் சோளகத்தில் மேற்குக் கரை முழுக்க வள்ளங்களைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்து வைத்திருப்பார்கள் என்பது அவனுக்குத் தெரியாதா? அப்பா ஆடியில் கடலுக்குப் போய்ச் செத்தார் என்று கேட்டு வளர்ந்தவனுக்கு இத்தனை வருடத்தில் ஒருநாளாவது இது உறைக்காமலா இருந்திருக்கும்? உறைத்திருக்கும். உறைத்ததை விழுங்கியிருப்பான்.

“அம்மா செத்த பிறகு சொல்லு,” என்றான் கடைசியில். கெஞ்சலாக இருந்தது. “எனக்காக வேண்டாம். அம்மாவுக்காக.”

“ஆசியா உம்மா செத்த பிறகா?”

புத்தளம் பஸ் வந்தது. அவள் ஏறினாள். லவன் கை காட்டவில்லை.

வாசகர் வட்டத்தின் அறையில் ஒரு மேசையும் நான்கு கதிரையும் புத்தக அலுமாரியும் இருந்தன. அன்ரனிப்பிள்ளை சேர் முன்னமே வந்து, நாவலில் பென்சிலால் கோடு போட்ட இடங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நூலகர் றஜனி, குழுவின் மூன்றாவது ஆள்.

அன்ரனிப்பிள்ளை சேரைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதராக இருந்திருந்தால் நிரூபாவின் வேலை சுலபமாக இருந்திருக்கும்.

“மொழி நல்லம். பிள்ளைக்குக் கை வாய்ச்சிருக்கு,” என்று தொடங்கினார். “பிழைகளும் இருக்கு. முகாமில குடுத்த மாவின்ர கதை ரெண்டு வருசம் பிந்தி நடந்தது. அதை விடலாம். வள்ளத்தில நிலவு மறைஞ்ச பிறகு இறக்கினான் எண்டு எழுதியிருக்கு. நான் பஞ்சாங்கம் எடுத்துப் பாத்தன். அந்தக் கிழமை வளர்பிறை, நடுச்சாமத்தோட நிலவு இறங்கும். சரியா எழுதியிருக்கு. ஆனா ஆணிவேரே பிழை. அந்த வள்ளத்தை ஓட்டினதாச் சொல்லுற மனுசன் அப்ப உயிரோட இல்லை.”

“நாவல்தானே, சேர்,” என்றாள் றஜனி. “கற்பனை எண்டு விடேலாதா?”

“ஊருக்கு ஒரு கற்பனைப் பேர் வைக்கட்டும், வள்ளத்துக்கு வைக்கட்டும். உயிரோட இருந்த மனுசனை அவன்ர சொந்தப் பேரில கொலைகாரன் எண்டு எழுதினா, அதைக் கற்பனை எண்டு தட்டிவிட ஏலாது. செத்தவர் எழும்பி வந்து மறுத்துச் சொல்ல மாட்டார். அவருக்காக நாங்கதான் கதைக்க வேணும்.” நிரூபாவின் பக்கம் திரும்பினார். “உங்களைக் குழுவில போட்டதும் அதுக்குத்தான், மகள். உங்கட அப்பாவின்ர பேரை நீங்களே துடைச்சு விடுங்கோ.”

அவருடைய நியாயம் முழுக்கச் சரியாக இருந்தது. அதைக் கேட்க நிரூபாவுக்கு அழுகை வந்தது. தலையை ஆட்டிவிட்டு எழும்பிப் போனால் எல்லாம் முடிந்துவிடும். அப்பா நல்லவர், லவனுக்கு வேலை, அம்மாவுக்கு நிம்மதி. ஒரு கிழவி மட்டும் மனம் குழம்பியவள்.

“சேர், நாவலின்ர நிலவைப் பஞ்சாங்கத்தில பாத்தியள். உங்கட புத்தகத்தில இருக்கிற திகதியைப் பாத்தியளா?”

“எந்தத் திகதி?”

“எங்கட அப்பாவின்ர.”

“அதில என்ன பாக்கிறது? அது உங்கட வீட்டுச் சுவரில எழுத்தில இருந்தது.”

“அண்டைக்கு ஆடி அமாவாசை, சேர்.”

அவருக்கு விளங்கவில்லை. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கர். விரதம் பிடிக்கிற அயலவர்கள் அவருக்கு உண்டு, மரக்கறிச் சோறும் வீடு தேடி வரும். எந்த நாளை எதற்காகப் பிடிக்கிறார்கள் என்று கேட்டு வைக்கிற தேவை அவருக்கு வந்ததில்லை.

“செத்த நாள் தெரியாத தகப்பன்மாருக்கு நாங்க அண்டைக்குத்தான் திவசம் செய்யிறது,” என்றாள் நிரூபா. “கடலில போனவை, காட்டில போனவை, பிடிச்சுக்கொண்டு போகத் திரும்பி வராதவை. நாள் தெரியாதபடியால் ஒரு நாளைக் கடன் வாங்குறம். அம்மா அந்த நாளைப் படக்கடையில குடுத்திட்டா. அதைத்தான் நீங்க எழுதினீங்கள்.”

“எங்கட ஆத்துமாக்கள் நாள் மாதிரி?”

“ஓம், சேர். கிட்டத்தட்ட அப்பிடித்தான்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“அப்ப அவர் எப்ப போனவர்?”

“ஐப்பசியில. சனத்தை ஏத்திக்கொண்டு.”

மேலே மின்விசிறி கிரீச்சிட்டுச் சுற்றியது. றஜனி நிரூபாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆசியா உம்மா எனக்கு முன்னால இருந்து அழுதவ,” என்றார் அன்ரனிப்பிள்ளை சேர். “சட்டையின்ர நிறத்தைச் சொன்னவ. பொக்கற்றில மீன் எண்டு சொன்னவ. இவ்வளவு நுணுக்கமா ஞாபகம் இருக்கிறதே சந்தேகம் எண்டு நினைச்சன். துக்கத்தில ஆக்கள் நடக்காததையும் சேர்ப்பினம் எண்டு நினைச்சன். சுவரில இருந்த எழுத்தை நம்பினன்.”

“சட்டையைத் தைச்சது எங்கட அம்மா. இண்டைக்குக் காலமை, நாவலை வாசிக்காமலே சொன்னவ. மீனையும் சொன்னவ.”

“ரீச்சர்,” என்றாள் றஜனி மெதுவாக, “நீங்கள் சொல்லாட்டி இது ஒருத்தருக்கும் தெரியாது. யோசிச்சுத்தான் சொல்லுறீங்களா?”

“ஒரு கிழமையா யோசிச்சிட்டன். நாவல் வரலாற்றுக்கு உண்மையா இருக்கு எண்டு என்ர பேரில போடுங்கோ. அப்பாவின்ர பேரும் அதில இருக்கிற மாதிரியே இருக்கட்டும்.”

பெற்ற தகப்பனைத் தானே கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டாள். அன்ரனிப்பிள்ளை சேர் எழும்பி யன்னலடிக்குப் போய் முதுகு காட்டி நின்றார். தன் புத்தகம் எத்தனை வீடுகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் போயிருக்கிறது என்று நினைத்திருப்பார். அந்த முதுகைப் பார்க்கவும் அவளுக்குப் பாவமாக இருந்தது.

வெளியே வந்து பாதையில் நின்றபோது தொலைபேசி அடித்தது. லவன்.

“அக்கா, அம்மாவைக் காணேல்ல.”

“கோயிலுக்குப் போயிருப்பா.”

“கோயிலில இல்லை. மரக்கறிக் கடையிலயும் இல்லை.” அவன் மூச்சு வாங்கினான். “அப்பாவின்ர படத்தையும் காணேல்ல. ஆணி மட்டும்தான் இருக்கு.”

ஆசியா இப்ப எங்க இருக்கிறாள் என்று அம்மா காலையில் கேட்டது நிரூபாவின் காதில் திரும்ப ஒலித்தது. வந்த முதல் முச்சக்கர வண்டியை மறித்தாள்.

கரைத்தீவில் பள்ளிவாசலுக்குப் பின்னால் சுற்றிவரக் கிடுகு வேலி அடைத்த வீடு. முற்றத்தில் உப்புக் காற்று வீசியது. வாசலில் நின்ற றைஸா அவளைக் கண்டதும் ஓடி வந்தாள். நாவலின் பின்னட்டையில் பார்த்த முகம். குழுவில் இருக்கிற ரீச்சரை அவளுக்கும் அடையாளம் தெரிந்தது.

“ரீச்சர், அம்மா வந்து கனநேரம். ஒரு சொல்லும் கதைக்கல்ல. தேத்தண்ணியும் குடிக்கல்ல.”

உள்ளே ஞானேஸ்வரி பிளாஸ்ரிக் கதிரையின் விளிம்பில் இருந்தாள். மடியில் படம் குப்புறக் கிடந்தது. எதிரே பாயில் ஆசியா உம்மா. ஒருகாலத்தில் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளிய இரண்டு பெண்கள், இருபத்தேழு வருடத்துக்குப் பிறகு ஒருவரையொருவர் பார்த்தபடி இருந்தார்கள்.

நிரூபா பாயின் ஓரத்தில் இருந்தாள். தன்னை யார் என்று சொன்னாள். கூட்டத்தில் சொன்னதையும் சொன்னாள். “உங்கட சாட்சியம் சரி எண்டு சொல்லிப்போட்டு வாறன், உம்மா. சேரின்ர புத்தகத்தில இருக்கிறது பிழை.”

“என்ட மவன் மவுத்தானது சரி எண்டு சொல்ல ஒரு கூட்டம் வேணுமா, மவள்?” என்றாள் ஆசியா உம்மா.

நிரூபா தலை குனிந்தாள்.

ஆசியா உம்மாவே கொஞ்சம் இறங்கி வந்தாள். “சொன்னது நல்லதுதான். அந்தப் புத்தகம் வந்த நாளையில இருந்து என்ட சனமே என்னைப் புத்தி பேதலிச்சவ மாதிரிப் பாத்திச்சு. வள்ளத்தில எங்களோட வந்த ஆக்களும் மவுத்தாப் போயிட்டாங்க. எனக்கே சந்தேகம் வந்திட்டு. வேற ஆளாயிருக்குமோ, நான்தான் சிவண்ணன்ட பேரைச் சொல்லிப் பாவம் தேடிக்கிறேனோ எண்டு தொழுகையில அழுதிருக்கன்.”

பிறகு ஞானேஸ்வரியைப் பார்த்தாள்.

“ஞானக்கா, என்னத்துக்கு இப்பிடி இருக்கீங்க? உங்கள்ல எனக்குக் கோவம் இல்ல. சிவண்ணனையும் நான் எப்பவோ மன்னிச்சிட்டன்.”

ஞானேஸ்வரி தலையை நிமிர்த்தினாள்.

“முகாமில இருக்கக்குள்ள ஆக்கள் வந்து சொன்னாங்க, திரும்பிப் போற வழியில அவரும் கடலில போயிட்டாராம், வீட்டுக்கே போய்ச் சேரல்லயாம் எண்டு. அண்டைக்குத்தான் எனக்குத் தண்ணி தொண்டையால இறங்கிச்சு. அந்தக் கடல் என்ட புள்ளையையும் எடுத்திச்சு, அவரையும் எடுத்திச்சு. இனி நான் யாரோட கோவிக்க? அல்லாஹ் பாத்துக்கொண்டான் எண்டு விட்டிட்டன். இவ்வளவு காலமும் நான் உசிரோட இருந்தது அதாலதான்.”

“நாவலையும் அப்பிடித்தான் முடிச்சிருக்கன், ரீச்சர்,” என்றாள் றைஸா. “வள்ளம் திரும்பிப் போகக்குள்ள தாழுறதோட.”

நிரூபாவுக்கு அந்தக் கடைசிப் பக்கம் ஞாபகம் வந்தது. நாவலிலேயே நல்ல பக்கம் அதுதான். அதற்கும் சேர்த்துத்தான் இன்று தன் பெயரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

ஞானேஸ்வரி படத்தைத் திருப்பி, ஆசியா உம்மாவின் முன்னால் பாயில் வைத்தாள். வைத்த கை அதிலேயே இருந்தது.

“அந்தப் பக்கத்தை மாத்தி எழுத வேணும், பிள்ளை,” என்றாள் றைஸாவிடம்.

“என்ன சொல்லுறீங்க?”

“அம்மா!” என்றாள் நிரூபா. ஏதோ வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. தடுக்க வேண்டும்போல இருந்தது. காலையில் உண்மை உண்மை என்று லவனிடம் வாய் கிழியப் பேசியவளுக்கு, இப்போது அம்மாவின் வாயைப் பொத்தினால் என்ன என்று தோன்றியது.

ஞானேஸ்வரி மகளைப் பார்க்கவில்லை. ஆசியாவைத்தான் பார்த்தாள்.

“அவர் கடலில போகேல்ல, ஆசியா. விடியக் காலமை வீட்டை வந்தவர். கிணத்தடியில கைகால் கழுவினவர். வள்ளத்தில கிடந்தது எண்டு உன்ர பையைத் தூக்கிக்கொண்டு வந்தவர். ஆசியா விட்டிட்டுப் போயிட்டாள், வைச்சிரு எண்டு என்னட்டத் தந்தவர். எல்லாரும் சுகமா இறங்கிட்டினம் எண்டு சொன்னவர். நான் நம்பினன். நம்பி, சோறு போட்டன்.”

வெளியே கிடுகில் காற்று மோதியது.

“சாப்பிட்டவரா?” என்று கேட்டாள் ஆசியா உம்மா.

பையைப் பற்றி அவள் கேட்கவில்லை. வள்ளத்தைப் பற்றியும் கேட்கவில்லை.

“சொல்லுங்க, ஞானக்கா. சாப்பிட்டவரா?”

“ஓம்,” என்றாள் ஞானேஸ்வரி. “ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்.”

ஆசியா உம்மா பாயிலிருந்து எழும்ப முயன்றாள். முடியவில்லை. றைஸா ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டாள். இருபத்தேழு வருடமாக அந்த மனுசி பிடித்துக்கொண்டு நின்ற ஒரேயொரு ஆறுதல், ஒரு தட்டுச் சோற்றோடு போய்விட்டது. எந்த வரலாற்றுப் புத்தகமும் செய்யாத கொடுமையை உண்மை அந்த இடத்தில் செய்தது.

நிரூபா பாயில் கிடந்த படத்தைப் பார்த்தாள். சிரிக்காத முகம். கீழே சிவப்பு எழுத்து. அந்தத் திகதியும் பொய், கடலும் பொய்.

“பிறகு?” என்று கேட்டாள். காலையில் குசினியில் கேட்ட அதே கேள்வி. “சாப்பிட்ட பிறகு அப்பா எங்க போனவர், அம்மா?”

இந்த முறை ஞானேஸ்வரி மகளின் முகத்தை நேரே பார்த்தாள்.

(தொடரும்)